ஈசாவை எங்களுக்குக் காட்டியவருக்கு

மதிப்பிற்குரிய ஜான் லெ காரே அவர்களுக்கு,

நீங்கள் 2020 டிசம்பரில் கார்ன்வாலில் காலமாகிவிட்டீர்கள். இந்த மடல் உங்களை வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பட்ட நன்றிக்கடனை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக வைக்கிறேன்.

நன்றி, 2008-ல் நீங்கள் வெளியிட்ட 'எ மோஸ்ட் வான்டட் மேன்' என்ற நாவலுக்காக. 1963-ல் உங்களை உலகப் புகழ் பெறவைத்த 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' பற்றியும், உங்கள் உளவாளிப் பாத்திரம் ஜார்ஜ் ஸ்மைலியைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பெர்லின் சுவரும் ரஷ்ய ஒற்றர்களும் அவர்களுக்குப் பிடித்த உலகம். எனக்கு வேண்டியிருந்த புத்தகம் வேறு. ஹாம்பர்க் துறைமுக நகரத்துக்குள் சரக்குக் கப்பலிலும் லாரியிலும் ஒளிந்து வந்து சேரும் ஒரு நோஞ்சான் இளைஞனை நடுவில் வைத்து, அவனைச் சுற்றி மூன்று நாடுகளின் உளவுத்துறைகள் எப்படிக் கூடுகின்றன என்று நீங்கள் எழுதிக் காட்டிய புத்தகம் அது.

தமிழ் நாளிதழ் ஒன்றில் பல வருடங்கள் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதும் வேலை பார்த்தவன் நான். 2001 செப்டம்பர் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ஏஜென்சி வழியாக எங்கள் டெஸ்க்குக்கு வந்த செய்திகள் பலவற்றுக்கும் ஒரே அச்சு. இன்ன ஊரில் இன்னார் பிடிபட்டார். இன்ன அமைப்போடு தொடர்புடையவர் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி ஒருவர் மேலும் கூறியதாவது... அவ்வளவுதான். அந்த மனிதர் பிறகு என்ன ஆனார் என்ற செய்தி வருவது அபூர்வம். வந்தாலும் உள்பக்கத்தில் நாலு வரி. பிடித்த செய்திக்கு இருக்கிற இடம் விட்ட செய்திக்குக் கிடையாது. தடா, பொடா என்ற பெயர்களைத் தினசரி படித்து வளர்ந்த எங்கள் ஊர் வாசகருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாலு வரிக்கு வெளியே நின்ற மனிதனைத்தான் நீங்கள் எனக்கு அறிமுகப்படுத்தினீர்கள்.

அவன் பெயர் ஈசா. செச்சென் தாய்க்கும், அவளைச் சிதைத்த ரஷ்ய ராணுவக் கர்னலுக்கும் பிறந்தவன். ரஷ்யச் சிறையிலும் துருக்கிச் சிறையிலும் அடிபட்டு வந்தவன். நீளமான கறுப்பு ஓவர்கோட்டும் பசித்த கண்களுமாக, ஹாம்பர்க்கில் வாழும் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறான். அந்த வீட்டுப் பையன் மெலிக் குத்துச்சண்டை வீரன். ஜெர்மன் குடியுரிமைக்காகக் காத்திருப்பவன். இவனை வீட்டில் வைத்திருந்தால் குடியுரிமை போய்விடுமோ என்று பயப்படுகிறான். அவன் அம்மா லெய்லா பயப்படவில்லை. பசித்து வந்த பிள்ளைக்குச் சோறு போடுகிறாள். நாவலில் எந்தக் கணக்கும் பார்க்காமல் நடந்துகொள்ளும் ஆள் அவள்தான். அந்தச் சில பக்கங்களை இப்போதும் எடுத்துப் படிப்பதுண்டு.

டாமி ப்ரூ என்ற பிரிட்டிஷ்காரரின் தனியார் வங்கியில் ஈசாவின் தகப்பன் போட்டுவைத்த பணம் இருக்கிறது. ரஷ்யாவில் கொள்ளையடித்த பணம். பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஏற்பாட்டில் உள்ளே வந்த பணம். அந்த வகைக் கணக்குகளுக்கு லிபிஸானர் என்று பெயர் வைத்திருந்தீர்கள். வியன்னாவில் பழக்கும் அந்த ஜாதிக் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாக இருந்து, வளர வளர வெள்ளையாகிவிடும். கறுப்புப் பணம் எப்படி வெள்ளையாகிறது என்று எத்தனையோ பொருளாதாரக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஒரு குதிரையின் பெயரிலேயே நீங்கள் அதைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். ஈசாவுக்கு அந்தப் பணம் வேண்டாம். தகப்பன் பாவத்தில் ஒரு காசும் தொட மாட்டேன், தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் படிப்பேன் என்கிறான். அவனுக்காக ஓடி ஓடி வேலை செய்கிறாள் அனபெல் ரிக்டர் என்ற இளம் வழக்கறிஞர்.

சங்கர்லால், கணேஷ்-வசந்த் என்று துப்பறியும் கதைகளில் வளர்ந்த வாசகன் நான். அங்கே கதை முடியும்போது குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். அந்த நிம்மதியோடு புத்தகத்தை மூடலாம். அந்த எழுத்தின் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. உங்கள் நாவலிலோ குற்றவாளியைத் தேடிப் போகிற வாசகன், ஒரு கூட்ட அறையில் போய் நிற்கிறான். நீளமான மேசை, தண்ணீர் பாட்டில், பெர்லினிலிருந்து வந்த உயரதிகாரிகள், பிரிட்டிஷ் விருந்தாளிகள், மூலையில் அமெரிக்கர்கள். யாரும் கத்தவில்லை. யாரும் தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்குப் பதவி உயர்வு வேண்டும், இன்னொருவருக்குத் தன் துறையின் அதிகாரம் குறையக் கூடாது, மற்றொருவருக்கு வாஷிங்டனோடு உறவு கெடக் கூடாது. மூன்றும் ஒரு மேசையில் சேர்ந்தால் ஒரு மனிதனின் வாழ்க்கை போய்விடும் என்று காட்டினீர்கள்.

அரசாங்கச் சதி என்றால் திரைப்படம் எங்களுக்குக் காட்டிய படம் ஒன்று உண்டு: இருட்டறை, புகை, முகம் தெரியாத தலைவன். நீங்கள் காட்டியது வெளிச்சமான அறை, முறைப்படி நடந்த கூட்டம், குறிப்பேட்டில் பதிவான முடிவு. நீங்கள் எனக்குக் கொடுத்ததில் பெரியது இதுதான். இருட்டறைச் சதியை யாராலும் நிரூபிக்க முடியாது. கூட்ட அறை முடிவை ஒருநாள் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

அந்த அறையிலேயே வேறு மாதிரி யோசிக்கிற ஒருவரையும் உட்கார வைத்திருந்தீர்கள். குந்தர் பாக்மான், ஜெர்மன் உளவுத்துறைக்காரர். ஈசாவைப் பிடித்து அடைப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. ஈசாவின் பணம் வழியாக டாக்டர் அப்துல்லா என்ற மதிப்புமிக்க அறிஞரை நெருங்க வேண்டும். அப்துல்லா திரட்டும் தர்மப் பணத்தில் மிகப் பெரும்பகுதி நிஜமாகவே ஏழைகளுக்குப் போகிறது. ஒரு சிறு துளி மட்டும் வழியில் வேறு பக்கம் திரும்புகிறது. அவரைச் சிறையில் போட்டால் அந்தத் துளி நிற்கும். அதற்குப் பின்னால் இருப்பது தெரியாமலே போகும். பேசிப் பேசி, நம்பிக்கை வளர்த்து, அவரைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது பாக்மானின் வழி. அதற்குப் பொறுமை வேண்டும், மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று அவர் நம்புகிறார். பிறகு நடப்பதை இங்கே எழுதினால் இன்னும் படிக்காதவர்களுக்குத் துரோகம். கடைசிச் சில பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இது கற்பனை, ஜெர்மனியில் அப்படியெல்லாம் நடக்குமா என்று என்னோடு வேலை பார்த்த நண்பர் கேட்டார். நடந்திருந்தது. அதைத் தேடிப் போக வைத்ததற்கும் உங்களுக்குத்தான் நன்றி.

மூரத் குர்னாஸ் 1982-ல் ப்ரேமன் நகரில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கப்பல் கட்டும் வேலை பழகியவர். 2001 அக்டோபரில் மதக் கல்விக்காகப் பாகிஸ்தான் போனார். அந்த ஆண்டின் இறுதியில் பெஷாவர் பக்கம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தவரைப் போலீஸ் இறக்கி, அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தது. ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பணம் தருவதாக அமெரிக்கா அறிவித்திருந்த நேரம் அது. 3,000 டாலருக்குத் தன்னை விற்றார்கள் என்கிறார் குர்னாஸ். முதலில் காந்தஹார் முகாம், பிறகு அமெரிக்காவின் குவான்டனாமோ சிறை. அவருடைய நண்பர் ஒருவர் தற்கொலைக் குண்டுதாரி என்பது அவர் மேல் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த நண்பரோ ப்ரேமனில் உயிரோடு இருந்தார்.

2002 செப்டம்பரில் ஜெர்மன் உளவு அதிகாரிகள் குவான்டனாமோவுக்கே போய் அவரை விசாரித்தார்கள். இவரால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தோடு திரும்பினார்கள். அடுத்த மாதம் பெர்லினில், சான்சலர் அலுவலகத்தில் உயரதிகாரிகள் கூடினார்கள். குர்னாஸ் பிறந்து வளர்ந்தது ஜெர்மனி என்றாலும் கையில் இருந்தது துருக்கிக் கடவுச்சீட்டு. அவரை ஜெர்மனிக்குத் திரும்ப விடக் கூடாது என்பது அங்கே எடுத்த முடிவு. அப்போது அந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருந்த ஃப்ராங்க்-வால்டர் ஸ்டைன்மையர் 2007-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அந்த முடிவைச் சரியென்றே வாதாடினார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரும் ஆனார்.

ப்ரேமன் நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு விதியை எடுத்தது. வெளிநாட்டவர் ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால், முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும், குர்னாஸ் தெரிவிக்கவில்லை, ஆகவே அவருடைய குடியிருப்பு உரிமம் காலாவதி. கூண்டில் அடைபட்டுக் கிடந்த மனிதன் எப்படித் தெரிவித்திருக்க முடியும்? இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2005-ல் ப்ரேமன் நிர்வாக நீதிமன்றம் உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, புதிய சான்சலர் அங்கேலா மெர்கல் அமெரிக்க அதிபர் புஷ்ஷிடம் பேசினார். 2006 ஆகஸ்ட் 24 அன்று, விலங்கு பூட்டி, கண்ணை மறைத்து, ராம்ஸ்டைன் விமானத் தளத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே போனபோது பத்தொன்பது வயதுப் பையன்.

நான் சொன்ன கூட்ட அறை இங்கேயும் இருக்கிறது. காலாவதி உரிமம், ஆறு மாத விதி, கையெழுத்து. யாரும் ஒரு பையனை அழிக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அவனைத் திரும்ப எடுப்பதில் யாருக்கும் லாபமில்லை. அதனாலேயே நாலு வருடத்துக்கும் மேலாக அவன் அங்கே கிடந்தான். குர்னாஸை நீங்கள் சந்தித்ததையும் அவர் குற்றமற்றவர் என்பதையும் 'த பிஜன் டனல்' என்ற உங்கள் நினைவுக் குறிப்புகளில் எழுதினீர்கள். ஈசாவுக்கு எங்கிருந்து உயிர் வந்தது என்று அப்போது எனக்கு நன்றாக விளங்கியது.

காலித் அல்-மஸ்ரியின் கதை இன்னும் கொடுமை. ஜெர்மன் குடிமகன், 2003-ன் கடைசி நாளில் மாசிடோனியா எல்லையில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். தேடப்பட்ட வேறொருவரின் பெயர் அவர் பெயரைப் போல இருந்தது. ஸ்கோப்யேயில் ஒரு ஓட்டல் அறையில் 23 நாள் அடைத்துவைத்து, சிஐஏவிடம் கொடுத்தார்கள். ஆஃப்கானிஸ்தானில் ரகசியச் சிறை. ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் உடனே விடவில்லை. 2004 மே மாதம் அல்பேனியாவில் ஒரு மலைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் அரசு ரகசியம் என்று சொல்லி வழக்கையே எடுக்கவில்லை. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் அவர் சொன்னது உண்மை, நடந்தது சித்திரவதை என்று தீர்ப்பளித்து, 60,000 யூரோ கொடுக்கச் சொன்னது. 2014-ல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை வந்தபோது கணக்கு இன்னும் தெளிவானது: சிஐஏ பிடித்துவைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்துவைக்க அவர்களுடைய சொந்த விதிகளின்படியே காரணம் இல்லை.

நீங்கள் பயங்கரவாதத்தைப் பொய்யென்று சொன்னதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கதை நடக்கும் ஹாம்பர்க்கின் ஹார்பர்க் பகுதியில்தான் முகமது அத்தாவும் கூட்டாளிகளும் குடியிருந்தார்கள். அங்கேயே நகரமைப்புப் படித்த அந்த அத்தாதான் விமானத்தை இரட்டைக் கோபுரத்தில் மோதினான். அந்த நகரம் தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டு தவித்ததை உங்கள் பக்கங்களில் பார்க்கிறேன். பாக்மானுக்குத் தூக்கம் இல்லாததற்குக் காரணமும் அதுவே. கொலைகாரர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டும், அதற்காக அப்பாவியைப் பலி கொடுக்கக் கூடாது. மூன்றையும் ஒரே நாவலுக்குள் வைத்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது கைபேசிக்குக் கைபேசி தாவும் சதிக் கதைகளை நினைக்கும்போது இந்த நன்றி கூடுகிறது. இரட்டைக் கோபுரத்தை அமெரிக்காவே இடித்துக்கொண்டது, இன்ன குண்டுவெடிப்பை இன்ன அரசே வைத்தது என்று ஆதாரம் எதுவுமில்லாமல் நம்புகிற படித்தவர்களை எனக்குத் தெரியும். என்னிடம் வாதிட வரும் இளைஞர்களுக்கு உங்கள் நாவலைக் கொடுத்திருக்கிறேன். அரசாங்கத்தைச் சந்தேகப்படு, ஆனால் பெயர், தேதி, கோப்பு, கையெழுத்து கேட்டுச் சந்தேகப்படு. சந்தேகத்துக்கும் ஒரு ஒழுக்கம் உண்டென்று சொல்லிக்கொடுத்த உளவு நாவல்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

உங்கள் எல்லாப் புத்தகங்களையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 2003-ல் வந்த 'ஆப்சலூட் ஃபிரெண்ட்ஸ்' ஈராக் போரின் கோபத்தில் எழுதியது. அந்த ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் அமெரிக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே கட்டுரை எழுதினீர்கள். போலியாக ஒரு தீவிரவாதச் சம்பவத்தை அரங்கேற்றி, இரண்டு பழைய நண்பர்களைப் பலி கொடுக்கும் கதை அது. கோபம் நியாயமானது. இருந்தாலும் அதன் முடிவில் பாத்திரங்களைவிட உங்கள் குரலே உரக்கக் கேட்கிறது. ஐந்து வருடம் கழித்து வந்த ஹாம்பர்க் நாவலில் அதே கோபம் அடங்கி, ஆழமாகி, அந்தக் கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் கணக்கில் இதுவே பெரிய புத்தகம். 2014-ல் இதைத் திரைப்படமாகப் பார்த்தவர்கள் பாக்மானாக வந்த ஃபிலிப் சீமோர் ஹாஃப்மனை மறக்க மாட்டார்கள், நல்ல படம். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டால் புத்தகம் தேவையில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இதையெல்லாம் உங்களால் எழுத முடிந்ததற்கு நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையும் காரணம். அப்பா ஊரை ஏமாற்றிச் சிறைக்குப் போனவர். அம்மா உங்களுக்கு ஐந்து வயதிருக்கும்போது வீட்டைவிட்டுப் போனார். பொய் எப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரிக்கும் என்று குழந்தையிலேயே பார்த்தீர்கள். பிறகு பிரிட்டனின் இரண்டு உளவுத்துறைகளிலும் வேலை பார்த்தீர்கள். பானிலும் ஹாம்பர்க்கிலும் இருந்தீர்கள். உள்ளே இருந்து பார்த்தவர் என்பதால் உளவுக்காரர்களை அரக்கர்களாகவும் எழுதவில்லை, வீரர்களாகவும் எழுதவில்லை.

அனபெலுக்காகவும் நன்றி. குர்னாஸுக்காகப் போராடிய ப்ரேமன் வழக்கறிஞர் பெர்ன்ஹார்ட் டோக்கே போல, கட்சிக்காரரை நேரில் பார்க்கக்கூட முடியாத வழக்கை வருடக்கணக்கில் நடத்துகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் தலைப்பில் வராது. அனபெல் தவறுகிறாள், பயப்படுகிறாள், பெரிய ஆட்களால் வளைக்கப்படுகிறாள். ஆனாலும் கட்சிக்காரனின் பக்கத்திலேயே நிற்கிறாள். அந்த வேலையின் பாரத்தை ஒரு பொதுக்கூட்டப் பேச்சைவிட அவள் எனக்கு நன்றாக உணர்த்தினாள்.

உங்களைப் படித்த பிறகு டெஸ்க்கில் என் பழக்கம் மாறியது. கைதுச் செய்தி வந்தால் சொன்னது யார், எந்த நீதிமன்றம், எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டு, பதில் இல்லாத இடத்தில் 'சந்தேகத்தின்பேரில்' என்று தலைப்பிலேயே போட வைத்தேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். விடுதலையான செய்தி வந்தால், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில் இடம் கேட்டுச் சண்டை போட்டேன். எல்லா நாளும் இடம் கிடைத்ததில்லை. கிடைத்த நாட்களுக்காக உங்களுக்கு நன்றி.

இந்த மடலைப் படிக்கிற தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 'எ மோஸ்ட் வான்டட் மேன்' நாவலை முதலில் படியுங்கள். முடித்த கையோடு, மூரத் குர்னாஸ் எழுதிய 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் மை லைஃப்' என்ற சுயசரிதையைப் படியுங்கள். வரிசை மாறக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். குவான்டனாமோ சிறை 2002 ஜனவரி 11 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 780 பேர் அதற்குள் போயிருக்கிறார்கள். அது இன்னும் மூடப்படவில்லை.


உங்கள் தமிழ் வாசகன்